சைக்கிளும் வயதும்

தலைநகரில் அரசாங்க ஊழியர் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் மாடிப்படிக்கு அடியில் ஒரு சிறு இடம் இருக்கும். அது யாருக்கும் ஒதுக்கப்பட்டதன்று. ஆகையால் எல்லோருக்கும் உரியது. அங்கே சாத்தி வைத்திருக்கும் சைக்கிள்களைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், அந்தக் கட்டடத்தில் எந்தெந்த வயதினர் வசிக்கின்றனர் என்பதை ஒருவரையும் கேளாமலே சொல்லிவிடலாம். பக்கச் சக்கரம் இரண்டு பூட்டிய குட்டி வண்டி ஒன்று. மட்கார்டு, மணி, கேரியர் யாவும் கழற்றி எறியப்பட்டு எலும்புக்கூடாய் நிற்கும் வண்டி ஒன்று. முன்னால் கம்பிக் கூடையும் பின்னால் குழந்தை இருக்கையும் பொருத்திய வண்டி ஒன்று. பற்சக்கரங்கள் பல அடுக்கிய, விலையை வீட்டில் குறைத்துச் சொல்லி வாங்கிய வண்டி ஒன்று. இவற்றுக்கெல்லாம் பின்னே, சுவரோடு சுவராய்ப் புழுதி படிந்த பழைய கறுப்பு வண்டி ஒன்றும் பெரும்பாலும் இருக்கும்.

ராமகிருஷ்ணபுரத்தில் நாம் வசிக்கும் கட்டடத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அது மேல்மாடியில் தம் மகனோடு வசிக்கும் பெரியவருடையது. நெல்லைச் சீமைக்காரராகையால் குடியிருப்பிலுள்ள தமிழர் யாவரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பது வழக்கம். வயது 72. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலுவலகத்துக்குச் சைக்கிளிலேயே சென்று வந்தவர். ஓய்வு பெற்ற பின்பும் நாள்தோறும் மாலையில் டில்லித் தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்கு அதிலேயே போய், ஊர்ப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு, நாலு பேரோடு தமிழில் பேசிவிட்டு வருவார். ஒரு நாள் அது நின்று போயிற்று. ஏன் நின்றது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

சைக்கிள் விஷயத்தில் மனிதனுடைய விருப்பம் வயதுக்கு வயது மாறுகிறது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அம்மாற்றத்தை இளமையின் மோகமென்றும், நடுவயதின் சபலமென்றும், முதுமையின் தளர்ச்சியென்றும் சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மையில் அதற்கு உடலின் அமைப்பில் காரணம் உண்டு. காற்றிலும் சாலையிலும் காரணம் உண்டு. அக்காரணங்களைத் தெரிந்துகொண்டால் பிறருடைய வண்டியைக் கண்டு சிரிக்கும் வழக்கம் குறையும் என்பதோடு, நம் வண்டியை எப்பொழுது மாற்றவேண்டும் என்பதும் விளங்கும்.

நம் தலைமுறையினர் தம் அளவுக்கேற்ற வண்டியில் பழகியவரல்லர். காவிரிக் கரையில் நாம் பிறந்த ஊரில் வாடகைச் சைக்கிள் கடை ஒன்று இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு மணிக் கணக்கில் வண்டி விடுவார்கள். சிறுவர்க்கென்று இருந்த குட்டைச் சைக்கிள்கள் இரண்டே. அவை எப்பொழுதும் வேறொருவனிடம் இருக்கும். ஆகவே தகப்பனாரின் பெரிய வண்டியில் குரங்குப் பெடல் போட்டே கற்றுக்கொண்டோம். இன்றைய பிள்ளைகள் இதைக் கண்டிருக்கமாட்டார்களாதலால் சற்று விளக்குவது தகும். சீட்டில் ஏற உயரம் போதாது. குறுக்கே பார் தடுக்கிறது. எனவே வண்டிக்கு இடப்பக்கத்தில் நின்றவாறே, வலக்காலைப் பாருக்குக் கீழே நுழைத்து அப்பக்கத்துப் பெடலை மிதிக்கவேண்டும். உடல் முழுவதும் ஒரு பக்கம் தொங்கும்போது வண்டி ஏன் கவிழ்வதில்லை? வண்டியை மறுபக்கம் சாய்த்துப் பிடிக்கிறோம். உடலும் வண்டியும் சேர்ந்த மொத்தப் பாரத்தின் நடு, சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டுக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. பௌதிகம் படிக்குமுன்பே எட்டு வயதுப் பையன் இதைக் கண்டுபிடித்துக்கொண்டான். முதலில் அரைப் பெடல், பிறகு முழுப் பெடல், பிறகு பாரின்மேல் ஏறி இரு பக்கமும் புரண்டு புரண்டு மிதித்தல், கடைசியாகச் சீட்டு. அந்த வயதில் வண்டியைப் பற்றிய ரசனை என்று ஒன்றுமில்லை. வண்டி கிடைத்தால் போதும்.

ரசனை தொடங்குவது கல்லூரிப் பருவத்தில். நாம் படித்த 1990-களில் தடித்த டயரும் நேரான கைப்பிடியும் கொண்ட மலைச்சவாரி மாதிரிகள் ஊர்தோறும் வந்துவிட்டன. மலையே இல்லாத டெல்டா ஜில்லாவில் அவற்றை எதற்காக வாங்கினோம் என்று எவரும் கேட்கவில்லை. வாங்கிய வாரத்திலேயே செயின் கவரைக் கழற்றினோம், மட்கார்டைக் கழற்றினோம், ஸ்டாண்டு இல்லாத வண்டியை மரத்தில் சாத்தினோம். மழை நாளில் முதுகில் ஒரு சேற்றுக்கோடு விழும். அதை ஒரு விருதைப்போல அணிந்து சென்றோம். தகப்பனார் ஒவ்வொரு மாதமும் நல்லெண்ணமாக ஒரு மணி வாங்கிக் கொடுப்பார்; அதுவும் கழற்றப்படும்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிடல் ஆகாது. இளைஞன் குனிந்து ஓட்டுவதில் நியாயம் இருக்கிறது. சமதரையில் போகிறவனுக்கு முதல் எதிரி காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதை எதிர்த்துச் செல்லச் செலவாகும் சக்தி எட்டு மடங்காகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்தாலும் குனிந்து உட்கார்ந்தாலும் பெரிய வேற்றுமை காண்பதில்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் பறக்க விரும்புகிறவனுக்கோ, மார்பு காற்றை ஏந்தும் பரப்பைக் குறைப்பது ஒன்றே வழி. ஆகவே தாழ்ந்த கைப்பிடி அவனுக்கு அலங்காரமன்று, தேவை. அதே கைப்பிடியை 60 வயதுக்காரர் வாங்கினால், கிடைக்காத வேகத்துக்காகக் கழுத்தை வருத்திக்கொள்கிறார் என்றே பொருள். முதுகு குனியும்போது சாலையைப் பார்ப்பதற்காகத் தலையைப் பின்னோக்கி நிமிர்த்தவேண்டியிருக்கிறது. இருபது வயதுக் கழுத்து இதைப் பொருட்படுத்தாது. பகல் முழுதும் கோப்புகளின்மேல் கவிழ்ந்திருந்த கழுத்து மறுநாட் காலையில் கணக்குக் கேட்கும்.

சீட்டின் கதையும் இதைச் சார்ந்ததே. நாம் உட்காரும்போது உடலின் பாரத்தைத் தாங்குவன இடுப்பெலும்பின் அடிமுனைகள் இரண்டு. நிமிர்ந்து உட்கார்ந்தால் பாரம் முழுவதும் அவற்றின்மேல் இறங்குகிறது. அப்பொழுது அகலமான, சுருள்வில் வைத்த சீட்டு இதமாயிருக்கும். குனிந்து ஓட்டினாலோ பாரத்தின் ஒரு பகுதி கைகளுக்கும் பெடலுக்கும் போய்விடுகிறது. இடுப்பும் முன்னோக்கிச் சாய்கிறது. அப்பொழுது அகலச் சீட்டு தொடைகளை உராய்ந்து புண்ணாக்கும். எனவே பந்தய வண்டியின் ஒல்லியான சீட்டைப் பார்த்து, “இதில் எப்படி உட்காருவான்?” என்று பெரியவர்கள் வியப்பதும், தாத்தாவின் சோபாச் சீட்டைப் பார்த்துப் பேரன் நகைப்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். மெத்தென்றிருப்பதெல்லாம் சுகமன்று. கடையில் கையால் அமுக்கிப் பார்த்து மிகவும் மெத்தென்ற சீட்டை வாங்குகிறோம். ஐந்து கிலோமீட்டருக்கு அது சொர்க்கம். அதற்கு அப்பால் எலும்பு மெத்தையில் அமிழ்ந்து, சுற்றிலுமுள்ள தசை நசுங்கத் தொடங்குகிறது. பழைய தோல் சீட்டு முதல் மாதத்தில் கட்டாந்தரை. பிறகு தன்னை உடையவரின் வடிவத்துக்குத் தானே பள்ளம் விழுந்து, வேறொருவர் உட்கார்ந்தால் இடம் கொடாத அளவுக்குச் சொந்தமாகிவிடும். அண்ணாச்சியின் வண்டியில் இருந்தது அத்தகைய சீட்டு.

நிற்க. உத்தியோகமும் குடும்பமும் வந்த பிறகு சைக்கிள் வாகனமாகிறது; அதுவரையில் அது விளையாட்டுச் சாமானே. இந்நாட்டில் அப்பருவத்துக்கு நெடுங்காலம் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. 1949-இல் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-இல் சோனிபட்டில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ என்று தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. அவை வெளியிட்டனவெல்லாம் ஆங்கிலேயர் நாட்டு மாதிரியையொட்டிய கறுப்பு வண்டியையே. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், முழுச் செயின் கவர், இரட்டைக் கம்பிக் கேரியர், ஏறக்குறைய 20 கிலோ எடை. கோல் மார்க்கெட்டிலிருந்தும் லோதி காலனியிலிருந்தும் மின்டோ ரோட்டிலிருந்தும் தலைமைச் செயலகக் கட்டடங்களை நோக்கிக் காலை வேளையில் இவ்வண்டிகள் வெள்ளமாய்ச் சென்றதை, 1950-களிலும் 1960-களிலும் இங்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இன்றும் கதையாகச் சொல்வார்கள். கேரியரில் டிபன் காரியர், பாரில் குழந்தை, கைப்பிடியில் காய்கறிப் பை.

அவ்வண்டியின் அமைப்பு மட்டமானது என்று எண்ணவேண்டாம். முன் ஃபோர்க்கு நன்றாகச் சரிந்திருக்கும்; இரு சக்கரங்களுக்கும் இடையே தூரம் மிகுதி; சக்கரமும் பெரிது. பெரிய சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் இடிக்காமல் உருண்டு ஏறுகிறது. சரிந்த ஃபோர்க்கு அதிர்ச்சியை வளைந்து வாங்கிக்கொள்கிறது. குண்டும் குழியுமான சாலைக்கும், பாரம் ஏற்றுவதற்கும் ஏற்ற வண்டி. ஆனால் சட்டென்று திரும்பாது. மழையில் நனைந்த ரிம்மில் கம்பி பிரேக் பிடிக்கவே பிடிக்காது. இந்த வண்டியை வெறுத்தே இளமையைக் கழித்தோம். பிறகு நாமும் கேரியருக்கும் மட்கார்டுக்கும் திரும்பினோம். காலையில் சலவைச் சட்டையோடு அலுவலகம் போகவேண்டியவனுக்கு முதுகுச் சேறு விருதாகத் தோன்றுவதில்லை. அட்லஸ் நிறுவனம் சாஹிபாபாத் ஆலையில் 2020 ஜூன் 3 அன்று வேலையை நிறுத்தியது. அந்நாள் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த உலகச் சைக்கிள் தினமாயிருந்தது என்பது பத்திரிகைகள் யாவும் எடுத்துக்காட்டிய வேடிக்கை. அந்த வண்டியோடு வளர்ந்த குடும்பங்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

விருப்பத்தைத் தேவை எப்படித் திருப்பிவிடுகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தை ஒட்டிப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் விடக் கற்றனர். கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் அவர்களில் மிகுதி. பெண்கள் வண்டி போதிய அளவு கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்தாலும் வேண்டாமென்று பலர் ஆண்கள் வண்டியையே விரும்பினர். காரணம், அதில் பார் இருக்கிறது. பாரின்மேல் குழந்தையை உட்கார வைக்கலாம். எது ஆண் வண்டி, எது பெண் வண்டி என்னும் வழக்கை அவர்கள் ஒரு குழந்தையைக் கொண்டு தீர்த்துவிட்டனர். இதை நாம் அண்ணாச்சிக்குச் சொல்லியிருக்கிறோம். உடனே பயன் தரவில்லை.

இனி நாற்பதுகள். இது சைக்கிள் வரலாற்றில் ஓர் ஆபத்தான பருவம், பணப்பைக்கு ஆபத்து. பிள்ளைகள் மெட்ரோவில் போகக் கற்றுக்கொள்கின்றனர்; வைத்தியர் இரத்தத்தில் சர்க்கரையைக் காட்டுகிறார்; பதினைந்து ஆண்டுகள் தொடாத சைக்கிளின்மேல் திடீரென்று அன்பு பிறக்கிறது. நம் வயது 46. ஆகவே இதை அனுபவித்தே சொல்கிறோம். திண்டு வைத்துத் தைத்த கால்சட்டை, விரலில்லாக் கையுறை, துளைகள் நிறைந்த தலைக்கவசம் என்று ஒவ்வொன்றாய் வீடு வந்து சேரும். நூறு கிராம் எடை குறைந்த ஓர் உதிரிப்பாகத்துக்காக ஓர் இரவு முழுவதும் விலை ஒப்பிட்டுப் பார்த்தோம். நம் வயிற்றில் கூடியிருந்த எட்டுக் கிலோவை வீட்டார்தாம் நினைவூட்டினர்.

வேடிக்கை ஒருபுறமிருக்க, இப்பருவத்தில் பல்லடுக்குக் கியர் வண்டியை மனம் நாடுவது வீண் ஆடம்பரமன்று. பழைய வண்டியில் முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் இருப்பதாகக் கொள்வோம். பெடலை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். சமதரையில் நல்லது. ரெய்ஸினா குன்றின் சரிவிலோ, எதிர்க்காற்றிலோ, அதே ஐந்தரை மீட்டரை அதே காலால் இழுக்கவேண்டும். பெடல் நின்று போகும் அளவுக்கு மிதித்து, எழுந்து நின்று உந்தவேண்டும். அப்போதெல்லாம் பாரத்தைத் தாங்குவது முழங்கால். கியர் இருந்தால், பின்னே பெரிய பற்சக்கரத்துக்குச் செயினை மாற்றிக்கொண்டு மெதுவாகவே போகலாம். கால் மட்டும் விரைவாகச் சுற்றும். செலவாகும் சக்தி ஒன்றே. ஆனால் நிமிஷத்துக்கு 60 சுற்றுக்குப் பதில் 80 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் தாங்கும் அழுத்தம் நாலில் ஒரு பங்கு குறைகிறது. சுற்றைக் கூட்டி அழுத்தத்தைக் குறைக்கும் இந்த வியாபாரம் இருபது வயதில் விளங்குவதில்லை. அப்பொழுது அழுத்தம் இலவசமாய்க் கிடைக்கிறது.

பிரெஞ்சு நாட்டில் இதைப்பற்றி ஒரு பெரும் வழக்கே நடந்தது. பிரான்ஸைச் சுற்றிவரும் புகழ்பெற்ற பந்தயத்தை 1903-இல் தொடங்கியவர் ஆன்றி தெக்ராஞ்சு என்பவர். தாமே பெரிய வீரர். 1893-இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை நாட்டியவர். மாற்றக்கூடிய கியர் என்பது 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே உரியதென்றும், வாலிபன் தன் தசையின் வலிமையாலேயே வெல்லவேண்டுமென்றும் அவர் எழுதியதாக இன்றும் எடுத்துக்காட்டுவர். அதே நாட்டில் சேன்ட் எத்தியேன் நகரத்துப் போல் தெ விவி என்பவர், ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் தாம் நடத்திய பத்திரிகையில் இதற்கு நேர்மாறான கட்சியை வாழ்நாள் முழுதும் வாதாடினார். 1853-இல் பிறந்த அவர், இளைஞர் மலைத்த மலைப்பாதைகளில் முதிய வயதிலும் கியர் வண்டியில் ஏறினார்; 1930-இல் காலமானார். பந்தயத்தில் கியர் மாற்றிகளை அனுமதித்தது 1937-இல்தான். இன்று கியரில்லாத வண்டியோடு எந்த வாலிபனும் அப்பந்தயத்துக்குப் போவதில்லை. தெக்ராஞ்சு விதித்த வயதை ஓராண்டு கடந்துவிட்டவர் என்ற முறையில் நமக்கு அவரோடு தகராறு ஒன்றுமில்லை.

நடுவயதில் விருப்பம் வேகத்தைவிட்டுத் தூரத்துக்குத் திரும்புவதற்கும் உடலே காரணம். 30 வயதைக் கடந்தபின் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. அதிலும் விரைந்து சுருங்கும் நார்களே முன்னதாகக் குன்றுகின்றன. மெல்லச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் நார்கள் அவ்வளவாகக் குன்றுவதில்லை. இதயம் நிமிஷத்துக்கு அடிக்கக்கூடிய உச்ச அளவும் வயதோடு இறங்குகிறது. 220-இலிருந்து வயதைக் கழித்துக்கொள்வது தோராயமான கணக்கு. ஆகவே குறுந்தூரப் பாய்ச்சலில் 46 வயதுக்காரர் 20 வயதுப் பையனிடம் தோற்பது உறுதி. நாள் முழுதும் ஓட்டும் சவாரியிலோ, பொறுமையும் பழக்கமும் கணக்கில் சேர்கின்றன. இந்தியாவில் பல நகரங்களில் நடைபெறும் நெடுந்தூரச் சவாரிகளில் 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள்ளும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள்ளும் முடித்தால் போதும். முதல்வன் யார், கடைசி ஆள் யார் என்று பட்டியல் போடுவதில்லை. இம்முறையும் பிரான்ஸிலிருந்து வந்ததே. அங்கே 1891-இல் தோன்றிய பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் சவாரியில் 1,200 கிலோமீட்டரை இன்று 90 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். நாம் 200 கிலோமீட்டர் சவாரி ஒன்றைச் செய்து முடித்தோம். நம்மோடு தொடங்கிய வாலிபர் நால்வர் நண்பகலுக்குள் மறைந்து போயினர். மாலையில் ஒரு தாபாவில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருக்கக் கண்டோம்.

டயர் விஷயத்தில் மட்டும் இளமையின் கட்சி தோற்றுவிட்டது என்று சொல்லலாம். ஒல்லியான டயரில் கல்லாய்க் காற்றடைத்தால் விரைவாகப் போகும் என்று நெடுங்காலம் நம்பினர். வழவழப்பான தளத்தில் அது ஓரளவு மெய். சொரசொரப்பான சாலையில் வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளித் துள்ளித் தன் வேகத்தை உதறிவிடுகிறது. 23 மில்லிமீட்டர் டயரில் ஓடிய பந்தய வீரர்களே இன்று 28 மில்லிமீட்டருக்கும் அதற்கு மேலும் வந்துவிட்டனர். கொஞ்சம் அகலமும் கொஞ்சம் குறைந்த காற்றும் முதுகுக்கு இதம் என்பது பெரியவர்களுக்குப் பல காலமாகவே தெரியும்.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் கல்லூரியில் டைனமோவைக் கழற்றி எறிந்தோம். இன்று முன்னே ஒன்று, பின்னே இரண்டு விளக்கு. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது. கண்ணின் ஆடியும் தெளிவு குறைகிறது. அதே பொருளைப் பார்க்க அதிக வெளிச்சம் தேவைப்படுகிறது. எதிர்வரும் மோட்டாரின் விளக்கொளி கூசியபின் பழைய நிலைக்குத் திரும்பவும் கண் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. டிசம்பர், ஜனவரி மாதத்து டில்லி மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாத காலை வேளைகளில் போய்வரும் நம்மவர், வேறெதில் சிக்கனம் செய்தாலும் பின்விளக்கில் செய்யவேண்டாம்.

இனி அண்ணாச்சியின் விஷயத்துக்கு வருவோம். அவர் சாலையில் விழவில்லை. நூலகத்து வாசலில், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே விழுந்தார். கேரியரில் புத்தகப் பை இருந்தது. வழக்கம்போல் வலக்காலைப் பின்புறமாக வீசிப் போட்டபோது கால் அந்தப் பையைத் தாண்டவில்லை. வண்டியோடு சாய்ந்தார்; ஊன்றிய மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பின்பு, “இனிச் சைக்கிள் வேண்டாம் அப்பா” என்றார் மகன். அண்ணாச்சியும் மறுத்துப் பேசவில்லை. மாலை வேளைகளில் மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சங்கம் நடந்து போகும் தூரந்தானே என்றோம். முழங்கால் வலி அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க விடவில்லை. முழங்கால் வலியுள்ளவர்க்கு நடையைவிடச் சைக்கிள் எளிது. சீட்டு உடலைத் தாங்கிக்கொள்கிறது. மூட்டு மடங்கி நீளுகிறதேயன்றி முழுப் பாரத்தையும் சுமப்பதில்லை. ஆகவே அவரால் ஓட்ட முடியும், ஏறத்தான் முடியவில்லை. அந்தக் குறுக்குப் பாருக்காக ஒரு மனிதர் தம் ஊர்ப் பத்திரிகையையும் தமிழ்ப் பேச்சையும் விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

பார் இல்லாத வண்டி வாங்கலாம் என்று நாம் சொன்னபோது அவர் நம்மைப் பார்த்த பார்வை மறக்கத்தக்கதன்று. “தம்பி, எழுபது வயசுக்கு மேலே என்னை லேடீஸ் சைக்கிள் ஓட்டச் சொல்லுதீங்களா?” என்றார்.

பார் இல்லாத சட்டம் ஐரோப்பாவில் பெண்களின் நீண்ட பாவாடைக்காக ஏற்பட்டது என்பது மெய்தான். ஆனால் வேட்டி கட்டும் நாட்டில் அதை ஆண்கள் விலக்கியது விந்தையே! டச்சு நாட்டில் முதிய ஆண்கள் கூச்சமின்றித் தாழ்ந்த சட்டத்து வண்டியில் கடைக்குப் போகின்றனர். அங்கே விற்கும் புதிய சைக்கிள்களில் ஏறக்குறையப் பாதி மின்மோட்டார் துணை கொண்டவை. நம் நாட்டிலும் 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்ட மின்சைக்கிளுக்கு லைசென்ஸும் பதிவும் வேண்டியதில்லை. மேட்டுப்பாங்கான ஊரில் வசிப்போர் இதை யோசிக்கலாம். நமக்குச் சரிப்படாததற்குக் காரணம் எளிது: மாடிப்படிக்கு அடியில் மின்சாரம் இல்லை, மின்கலத்தோடு கூடிய அந்த எடையை மேல்மாடிக்குத் தூக்கவும் ஆளில்லை.

வயதைக் காட்டி வாதாடினால் பயனில்லை என்று கண்டு, வயதைப் பற்றி வேறு கதை ஒன்றைச் சொன்னோம். 1911-இல் பிறந்த ரொபேர் மர்ஷான் என்னும் பிரெஞ்சுக்காரர், தம் 105-ஆம் வயதில், 2017 ஜனவரியில், பாரிஸுக்கு அருகே ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார்; 109 வயது வாழ்ந்து 2021-இல் காலமானார். அண்ணாச்சி கேட்ட முதற் கேள்வி: “அவர் வண்டியிலே பார் இருந்ததா?” இருந்தது, பந்தய வண்டிதான். உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. “அப்போ அவருக்கு ஏத்திவிட ஆள் இருந்திருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்ததே நல்ல குறி என்று எண்ணி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜண்டேவாலான் சைக்கிள் சந்தைக்கு அழைத்துச் சென்றோம்.

அங்கே ஒரு மணி நேரம் தேர்ந்தார். சிவப்பு வேண்டாம், பூப்போட்டது வேண்டாம், கறுப்பு இல்லை. முடிவில் கரும்பச்சை நிறத்தில், தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே வளைந்து செல்லும் சட்டமும் 26 அங்குலச் சக்கரமும் கொண்ட வண்டி ஒன்று அகப்பட்டது. கைப்பிடி உயர்ந்தது. காலை முன்புறமாகவே தாண்டி வைக்கலாம். பின்னால் எத்தனை புத்தகம் இருந்தாலும் தடையில்லை.

கடைக்காரர் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிக் கொடுத்தார். இது முதியோருக்கு எல்லாரும் செய்யும் உபகாரம். செய்யக்கூடாத உபகாரமும் இதுவே. இரு பாதமும் தரையில் முழுதும் படியும்படி சீட்டை இறக்கினால் நிற்கும்போது தைரியமாயிருக்கும். ஓடும்போது முழங்கால் மார்பை நோக்கி மடங்கி மடங்கி வலியெடுக்கும். பெடல் அடிமட்டத்தில் இருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீளவேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும். அந்த உயரத்தில் நின்றால் விரல்நுனிதான் தரையைத் தொடும். தாழ்ந்த சட்டமாதலால், நிற்கும்போது சீட்டைவிட்டு முன்னே இறங்கி நின்றுகொள்ளலாம், ஆகையால் அச்சமில்லை. இதை விளக்கி, சீட்டை நான்கு விரற்கடை உயர்த்தி வாங்கினோம். பழைய வண்டியின் தோல் சீட்டையே இதில் பொருத்தவேண்டுமென்றார், பொருத்தினோம். பழைய மணியும் வந்து சேர்ந்தது.

முதல் இரண்டு நாட்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு, ஒருவரும் பார்க்காத நேரத்தில், குடியிருப்புக்குள்ளேயே சுற்றினார். மணியோசை கேட்டு நாம் ஜன்னலைத் திறந்து பார்த்து, அவர் காணுமுன் மூடிக்கொண்டோம். மூன்றாம் நாள் மாலை வராந்தா நாற்காலி காலியாயிருந்தது. இரவு எட்டு மணிக்குப் புத்தகப் பையோடு வந்து நம் கதவைத் தட்டினார்.

“சங்கத்திலே ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை தம்பி. ஆனா கடைக்காரன் டயரிலே காத்தை ரொம்ப அடைச்சிட்டான். ஒவ்வொரு கல்லும் முதுகிலே தெரியுது. வாங்க, கொஞ்சம் இறக்கணும்.”

நாம் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அவரோடு மாடிப்படியின் அடிக்குச் சென்றோம்.